கெட்டலிஸ்ட் 9300 சுவிட்சில் பணிசெயல் முறைமையை மேம்படுத்தல்: மட்டக்களப்பிலிருந்து ஒரு மதிப்பீடு

மட்டக்களப்பு நகரில் ஒன்றும் கல்லடியில் ஒன்றுமாக இரண்டு கட்டடங்கள், கல்முனையில் ஒரு கிளை என இயங்கும் நிறுவனமொன்றின் வலையமைப்பைப் பராமரிப்பது என் தொழில். நகரக் கட்டடத்தின் மையத்தில் சிஸ்கோ கெட்டலிஸ்ட் 9300 சுவிட்சுகள் (கணினிகளையும் தொலைபேசிகளையும் ஒரே வலையமைப்பில் இணைக்கும் கருவிகள்) மூன்று ஒரே அடுக்காகப் பிணைக்கப்பட்டு வேலை செய்கின்றன. சென்ற போயா விடுமுறையன்று அந்த அடுக்கின் பணிசெயல் முறைமையை ஐ.ஓ.எஸ். எக்ஸ்.ஈ. 17.6.4 இலிருந்து 17.12.4 இற்கு உயர்த்தினேன். இந்த மதிப்பீடு சுவிட்சின் வேகத்தையோ விலையையோ பற்றியதன்று. அதன் மென்பொருளை மாற்றும் முறை எவ்வளவு நம்பத்தக்கது, தவறு நேர்ந்தால் எப்படி மீளலாம் என்பதையே இங்கே எழுதுகிறேன், ஏனெனில் நம் பகுதியில் சாதனம் வாங்குகிறவர்கள் கேட்காமல் விடுவதும் பின்னர் அதிகம் வருந்துவதும் இந்த ஒரு விடயத்துக்காகத்தான்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு சுவிட்ச் எழும்பாமல் போனால் மாற்றுச் சாதனம் அதே மாலைக்குள் வந்து சேரக்கூடும். நமக்கு அது 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பயணம். இடையில் வாரவிடுமுறையோ மாரி வெள்ளமோ வந்தால் இரண்டு நாட்கள் எடுக்கும். ஆகவே இங்குள்ள ஒருவர் மேம்படுத்தல் முறையை மதிப்பிடும்போது, அது எவ்வளவு விரைவாக முடிகிறது என்பதை விட, இடையில் குழம்பினால் பழைய நிலைக்குத் தானாகத் திரும்பி வருமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்த அளவுகோலில் 9300 எனக்கு முழு நிறைவைத் தந்தது.

மேம்படுத்துவது கட்டாயமா என்று எங்கள் கணக்குப் பிரிவில் கேட்டார்கள். 2023 ஒக்டோபர் 16 ஆம் திகதி சிஸ்கோ வெளியிட்ட, சி.வி.இ-2023-20198 என்று இலக்கமிட்ட பாதுகாப்புக் குறைபாட்டின் அறிவித்தலையே பதிலாகக் காட்டினேன். ஐ.ஓ.எஸ். எக்ஸ்.ஈ. இன் இணைய முகப்பில் இருந்த அந்தக் குறைபாட்டின் வழியாக, கடவுச்சொல் எதுவும் அறியாத வெளியாள் ஒருவர் சாதனத்தில் உச்ச அதிகாரமுள்ள கணக்கைத் தானே உருவாக்கிக்கொள்ள முடிந்தது. பாரதூர மதிப்பெண் பத்துக்குப் பத்து. முதலாவது திருத்தப் பதிப்பான 17.9.4ஏ அதே மாதம் 22 ஆம் திகதிதான் வந்தது. அதுவரை செய்யக்கூடியதாக இருந்தது சுவிட்சின் இணைய முகப்பை இயக்கும் எச்.ரீ.ரீ.பி. சேவையை இரண்டு கட்டளைகளால் நிறுத்துவது மட்டுமே. நாங்களும் அப்படி நிறுத்தியே தப்பினோம், ஆனால் சேவையை மூடிவிட்டு மென்பொருளைப் பழையதாகவே வைத்திருப்பது ஓட்டைக்கு முன்னால் கதிரையைப் போட்டு வைப்பது போலத்தான். கதிரையை எவரேனும் நகர்த்தும் நாள் வரும்.

எந்தப் பதிப்பு என்பதைத் தெரிவு செய்வதில் அதிகம் குழம்பத் தேவையில்லை. 17.3, 17.6, 17.9, 17.12, 17.15 என்று மூன்றுக்கு ஒன்றாக வரும் பதிப்புகளுக்கு 36 மாதப் பராமரிப்பு உண்டு. இடையில் வருபவற்றுக்கு 12 மாதங்கள்தான். எங்களைப் போல் வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் சேவையை நிறுத்த அனுமதி கிடைக்கும் இடங்களுக்கு முன்னையவை தவிர வேறு தெரிவு இல்லை.

இனி, இந்தச் சாதனத்தின் மிகப் பெரிய பலத்துக்கு வருகிறேன். 9300 இரண்டு விதமாக எழும்பும். பண்டில் முறையில் ஒரே பெரிய ‘பின்’ (.bin) கோப்பை நேரடியாக நினைவகத்தில் விரித்துக்கொண்டு இயங்கும். இன்ஸ்டோல் முறையில் அந்தக் கோப்பு முன்கூட்டியே பல பொதிகளாகப் பிரிக்கப்பட்டு ஃபிளாஷில் (மின்சாரம் போனாலும் அழியாத சேமிப்பகத்தில்) இருக்க, பெக்கேஜஸ் டொட் கொன்ஃப் என்ற சிறிய கோப்பு எந்தப் பொதிகளை ஏற்ற வேண்டும் என்று சொல்லும். பண்டில் முறை அதிக நினைவகத்தை விழுங்குவதோடு, அடுக்கில் புதிதாகச் சேரும் சுவிட்சுக்குத் தானாக மென்பொருளைக் கொடுக்கும் வசதியையும் இழக்கச் செய்கிறது. ‘ஷோ வேர்ஷன்’ கட்டளையின் கடைசிப் பகுதியில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் எதிரே எந்த முறை என்று எழுதியிருக்கும். எங்கள் மூன்றும் இன்ஸ்டோல் முறையிலேயே இருந்தன. பண்டில் என்று காட்டினால், பூட் கட்டளையைப் பெக்கேஜஸ் டொட் கொன்ஃபுக்குத் திருப்பிச் சேமித்த பின்னரே மேம்படுத்தலைத் தொடங்க வேண்டும்.

இன்ஸ்டோல் முறையில் மேம்படுத்தல் மூன்று படிகளாக நடக்கிறது. ‘இன்ஸ்டோல் அட்’ என்பது கோப்பைப் பிரித்து அடுக்கிலுள்ள எல்லாச் சுவிட்சுகளிலும் வைக்கிறது. இதனால் எந்தச் சேவையும் நிற்பதில்லை, ஆகவே வேலை நாளின் நண்பகலிலும் செய்யலாம். ‘இன்ஸ்டோல் எக்டிவேட்’ என்பது சாதனத்தை மீள ஆரம்பித்துப் புதிய மென்பொருளுக்கு மாற்றுகிறது. ‘இன்ஸ்டோல் கொமிட்’ என்பது அந்த மாற்றத்தை நிலையாக்குகிறது. இரண்டாவது படிக்கும் மூன்றாவது படிக்கும் இடையில் 120 நிமிடங்களுக்கு ஒரு கடிகாரம் ஓடும். அந்த நேரத்துக்குள் நாம் கொமிட் கொடுக்காவிட்டால், சுவிட்ச் எவரையும் கேட்காமல் மீண்டும் ஆரம்பித்துப் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடும். கல்லடியிலிருந்தோ கல்முனையிலிருந்தோ தொலைவில் அமர்ந்து வேலை செய்கிறவருக்கு இதன் பெறுமதி எவ்வளவு என்பது, தொடர்பு அறுந்து இருட்டில் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மூன்று படிகளையும் ஒரே வரியில் சேர்த்துக் கொடுக்கவும் கட்டளை உண்டு, பல வழிகாட்டிகளும் அதையே காட்டுகின்றன. நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். ஒரே வரியில் கொடுத்தால் கொமிட் அப்போதே நிறைவேறி, இந்தக் கடிகாரம் தரும் பாதுகாப்பு இல்லாமற் போகிறது. நாலு எழுத்துக் குறைத்துத் தட்டுவதற்காக இரண்டு மணித்தியாலப் பாதுகாப்பை விற்பது நியாயமான வியாபாரம் அன்று.

கோப்பைச் சாதனத்துக்குள் கொண்டு செல்லும் கட்டம் அவ்வளவு மகிழ்ச்சி தரவில்லை. 9300 இற்கான இமேஜ் (முழு மென்பொருள்) கோப்பு ஒரு கிகாபைட்டுக்கும் மேற்பட்டது. பழக்கதோஷத்தால் பலர் இன்னும் ரீ.எஃப்.ரீ.பி. என்ற கோப்பு அனுப்பும் முறையைத்தான் பாவிக்கிறார்கள், அது இயல்பாக 512 பைட் அனுப்பிவிட்டு, கிடைத்தது என்ற பதில் வரும் வரை காத்திருந்து, அடுத்த 512 ஐ அனுப்பும் முறை. அரிசி மூட்டையை ஒவ்வொரு கைப்பிடியாகக் கொண்டு போய்க் கொட்டுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. பழைய ரீ.எஃப்.ரீ.பி. மென்பொருள்கள் சில 32 மெகாபைட்டைத் தாண்டியதும் நின்றும் விடும். எஃப்.ரீ.பி. அல்லது எச்.ரீ.ரீ.பி. வழியாக எடுப்பது நல்லது. அதைவிட நல்லது, சுவிட்சின் முன்புற யூ.எஸ்.பி. துளையில் ஒரு பென் டிரைவைச் செருகிப் பிரதி எடுப்பது. நான் அப்படித்தான் செய்தேன். பிரதி முடிந்ததும் ‘வெரிஃபை’ கட்டளையால் எம்.டி.5 பெறுமானத்தை (கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டும் சரிபார்ப்புக் குறியீட்டை) எடுத்து, தரவிறக்கப் பக்கத்தில் இருந்ததோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். அதே பென் டிரைவ் மேம்படுத்தல் முடியும் வரை செருகியபடியே இருந்தது, ஏனெனில் ஃபிளாஷில் உள்ள எல்லாம் கெட்டாலும் ரொம்மொன் என்ற, பணிசெயல் முறைமை ஏறுவதற்கு முந்திய அடிப்படை நிலையிலிருந்து யூ.எஸ்.பி. யில் உள்ள கோப்பைக் காட்டி இந்தச் சுவிட்சை எழுப்பலாம்.

போயாவன்று காலை 7 மணிக்கு நானும் பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பி ஒருவரும் சேவர் அறைக்குள் இருந்தோம். மடிகணினியைச் சுவிட்சோடு நேரடியாக இணைக்கும் கொன்சோல் கேபிள் செருகப்பட்டிருந்தது. எக்டிவேட் கொடுத்தோம், மூன்று சுவிட்சுகளும் மீள ஆரம்பித்தன. திரையில் நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை, பின்னர் நுண்நிரல் (வன்பொருளுக்குள் இருக்கும் சிறு மென்பொருள்) மேம்படுத்தல் தொடங்கி எழுத்துகளும் சதவீத எண்களுமாக ஓடியது. இந்தக் கட்டத்தில்தான் பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்திச் சுவிட்சைச் சாகடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது தானாக முடியும் வரை கை வைக்கக் கூடாது. 14 நிமிடங்களுக்குப் பின் சுவிட்ச் எழும்பியது. எழும்பிய சுவிட்சின் பெயர் எங்கள் பெயரன்று, வெறும் ‘சுவிட்ச்’. முதல்முறை அமைப்பை இப்போது செய்யலாமா, ஆம் அல்லது இல்லை என்று கேட்டபடி நின்றது.

“அண்ணன், இது புதுசா வாங்கின மாதிரிக் கேள்வி கேக்குது. மறுகா என்ன செய்யிற? பழசுக்குத் திருப்பிருவமா?” என்றார் தம்பி.

அந்தக் கேள்வி இயல்பானது, ஆனால் அதன்படி நடந்திருந்தால் இன்னும் ஒரு மணித்தியாலத்தை வீணாக்கியிருப்போம். கேள்விக்கு இல்லை என்று விடை கொடுத்துவிட்டு இரண்டு விடயங்களைப் பார்த்தேன். ‘ஷோ வேர்ஷன்’ 17.12.4 என்று காட்டியது. மென்பொருள் மாற்றம் பிழையின்றி நடந்திருந்தது. ஆரம்ப அமைப்பை, அதாவது எழும்பும்போது வாசிப்பதற்காகச் சேமித்து வைத்ததைக் காட்டும் ‘ஷோ ஸ்டார்ட்டப்-கொன்ஃபிக்’ எங்கள் முழு அமைப்பையும் வரி தவறாமல் காட்டியது. அப்படியானால் அமைப்பு அழியவில்லை. சுவிட்ச் அதை வாசிக்காமல் கடந்து வந்திருக்கிறது. சுவிட்ச் எழும்பும்போது பார்க்கும் மாறிகளைக் காட்டும் ‘ஷோ ரொம்வார்’ கொடுத்தபோது காரணம் கண் முன்னே இருந்தது: ஆரம்ப அமைப்பைப் புறக்கணி என்ற மாறியின் பெறுமானம் 1.

இந்த மாறி மேம்படுத்தலால் மாறுவதன்று. கடவுச்சொல் மறந்துபோன சுவிட்சை மீட்பதற்காக, கொன்சோலில் அமர்ந்து ஒருவர் கையால் 1 ஆக்க வேண்டும். வேலை முடிந்ததும் அவரே திரும்ப 0 ஆக்க வேண்டும். எங்களுக்கு முன் இந்த அடுக்கைப் பராமரித்த ஒப்பந்தக்காரர்கள் முதல் பாதியைச் செய்து இரண்டாம் பாதியை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். யூ.பி.எஸ். உம் ஜெனரேற்றரும் சேர்ந்து அந்தச் சுவிட்சுகளை ஒரு வருடமும் 37 கிழமைகளும் நிற்காமல் ஓட வைத்திருந்ததால், அந்தப் பிழை வெளியே தெரிய வாய்ப்பே வரவில்லை. அவ்வளவு நீண்ட இயக்க நேரத்தை முதல் நாள் பார்த்தபோது நான் பெருமைப்பட்டேன், சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நீண்ட காலம் மீள ஆரம்பிக்காத சாதனம் மீண்டும் சரியாக எழும்பும் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை.

இந்த நிலையில் செய்யக்கூடிய மிகக் கொடிய தவறு, அப்போது இயங்கும் அமைப்பைச் சேமிக்கும் ‘ரைட் மெமரி’ கட்டளையைக் கொடுப்பது. வெறுமையான இயங்கு அமைப்பு, நல்ல ஆரம்ப அமைப்பின் மேல் எழுதப்பட்டுவிடும். அதன் பின் வெளியே எடுத்து வைத்த பிரதி ஒன்றுதான் கதி. நாங்கள் ஆரம்ப அமைப்பை இயங்கு அமைப்புக்குப் பிரதி செய்தோம். பெயர் திரும்பியது, வீலான்கள் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனித்தனி வலையமைப்புகள்) வந்தன, ஆனால் நுழைவாயில் முகவரிகளுக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகவில்லை. வீலான் இடைமுகங்கள் எல்லாம் மூடிய நிலையில் இருந்தன. கடவுச்சொல் மீட்பு முறையில் இது வழக்கமாக நடப்பது. ஒவ்வொன்றாகத் திறந்தோம். பின்னர் ‘நோ சிஸ்டம் இக்னோர் ஸ்டார்ட்டப்கொன்ஃபிக் சுவிட்ச் ஓல்’ கொடுத்து மூன்று சுவிட்சுகளிலும் மாறியை 0 ஆக்கி, அதன் பிறகே சேமித்தோம். கடிகாரத்தில் இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் மிச்சம் இருந்தது. தொலைபேசிகள், கமெராக்கள், கல்லடிக்கான இணைப்பு எல்லாவற்றையும் சோதித்து முடித்துக் கொமிட் கொடுத்தோம். அதன் பின்னும் எனக்கு மனம் ஆறவில்லை. இன்னொரு தடவை மீள ஆரம்பித்து, எவர் கையும் படாமல் அமைப்போடு எழும்புகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தம்பியைச் சாப்பிட அனுப்பினேன்.

அடுக்கில் இன்னொரு சாதக அம்சம் உண்டு. ஒரு சுவிட்ச் பழுதாகி அதன் இடத்தில் வேறு பதிப்புள்ள ஒன்றைப் பூட்டினால், அது பதிப்பு முரண் என்ற நிலையில் ஒதுங்கி நிற்கும். முன்கூட்டியே தானியங்கி மேம்படுத்தலை இயக்கி வைத்திருந்தால், தலைமைச் சுவிட்ச் தன்னிடமுள்ள பொதிகளை அதற்குக் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும். இயக்கி வைக்காவிட்டாலும் ‘இன்ஸ்டோல் ஓட்டோஅப்கிரேட்’ கட்டளையால் அதே வேலையைச் செய்யலாம். மின்சாரத்தைக் கேபிள் வழியே பெறும் தொலைபேசிகளும் வைஃபை கருவிகளும் சுவிட்ச் மீள ஆரம்பிக்கும்போது அணைந்துவிடாதிருக்க, போர்ட்டுகளில் பெர்பெச்சுவல் பி.ஓ.ஈ. ஐ இயக்கலாம். சேவை நிற்கும் நேரத்தை 30 வினாடிக்குள் அடக்கும் விரைவு மேம்படுத்தல் முறையும் இந்த வகையில் இருக்கிறது. அதை நான் பாவிக்கவில்லை; போயா நாளில் 14 நிமிடம் எங்களுக்குப் பெரிய இழப்பன்று.

இந்த முறையின் அருமை விளங்க வேண்டுமானால் பழைய கெட்டலிஸ்ட் 2960 சுவிட்சுடன் ஒப்பிட வேண்டும். கல்முனைக் கிளையில் அப்படி ஒன்று இன்னும் இருக்கிறது. 32 மெகாபைட் ஃபிளாஷில் மிச்சமிருந்த இடம் புதியதற்குப் போதாததால், பழைய இமேஜை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினேன். பிரதி பாதியில் இருக்கும்போது மின்சாரம் போனது. அங்கு யூ.பி.எஸ். பற்றரி ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. எழும்பியபோது ஏற்றுவதற்கு எதுவுமில்லாமல் ‘சுவிட்ச்:’ என்ற வரியில் நின்றது. அந்த வகையில் யூ.எஸ்.பி. துளை இல்லை, கொன்சோல் வழியாக எக்ஸ்மோடம் முறையில் அனுப்புவது ஒன்றுதான் வழி. வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் சுமார் 12 மெகாபைட் கோப்புக்கு மூன்றரை மணித்தியாலத்துக்கும் மேல் தேவை. ‘செட் போட் 115200’ என்று கொடுத்து, மடிகணினியிலும் அதே வேகத்தை வைத்தால் 20 நிமிடம் அளவில் முடிந்துவிடும். முடிந்ததும் அதைப் பழையபடி 9600 ஆக்க மறக்கக் கூடாது, மறந்தால் அடுத்து வருபவர் கொன்சோலில் குப்பை எழுத்துகளைப் பார்த்துச் சாதனம் செத்துவிட்டது என்று நினைப்பார். 9300 இல் 16 கிகாபைட் ஃபிளாஷ் இருப்பதால் இந்தச் சங்கடமே எழுவதில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். மென்பொருளைத் தரவிறக்கச் செல்லுபடியான சேவை ஒப்பந்தத்தோடு இணைந்த கணக்கு வேண்டும். பாவித்த சுவிட்சுகளை மலிவாக வாங்கும் இடங்கள் நம் மாவட்டத்தில் கொஞ்சமல்ல. அவர்களுக்கு இது முதல் தடை. பாரதூரமான பாதுகாப்புக் குறைபாடு என்றால், ஒப்பந்தம் இல்லாதவர்களும் அந்த அறிவித்தலின் முகவரியைக் காட்டி உதவி மையத்திடம் திருத்தப் பதிப்பைக் கேட்டுப் பெறலாம் என்ற ஏற்பாடு உண்டு. இதை விற்பனையாளர்கள் சொல்வதில்லை, ஆகவே இங்கே சொல்கிறேன். ஒப்பந்தம் இல்லை என்பதற்காகக் கண்ட இடத்தில் கிடைக்கும் இமேஜைப் போடுவது ஆபத்து. வலையமைப்பின் மையத்தில் இருக்கும் பெட்டிக்குள் யாரென்று தெரியாதவர் கொடுத்த மென்பொருளை ஏற்றுவதை எந்த அவசரமும் நியாயப்படுத்தாது.

வாங்க இருப்பவர்களுக்கு என் கருத்து இது. நாற்பது ஐம்பது கணினிகள் உள்ள அலுவலகத்துக்கு 9300 தேவைக்கு மீறியது. அதே இன்ஸ்டோல் முறை 9200 வகையிலும் உண்டு, ஆனால் அதன் ஃபிளாஷ் 4 கிகாபைட்தான் என்பதால், ‘இன்ஸ்டோல் ரிமூவ் இனெக்டிவ்’ கொடுத்துப் பழைய பொதிகளை நீக்கி இடம் ஒதுக்கிய பின்னரே புதியதைக் கொண்டு வர வேண்டும். 9300 இல் அந்த அவசரம் இல்லை. பழைய பொதிகளை நான் இரண்டு கிழமை அப்படியே விட்டிருந்தேன். மாதக் கடைசியில் கணக்குப் பிரிவின் முழு வேலையும் புதிய பதிப்பின் மேல் சிக்கலின்றி ஓடியதைப் பார்த்த பிறகே நீக்கினேன். பென் டிரைவ் இப்போது சேவர் அறை றாக்கின் உட்பக்கத்தில், பதிப்பின் இலக்கமும் எம்.டி.5 பெறுமானமும் எழுதிய தாளோடு ஒட்டப்பட்டிருக்கிறது. கல்முனைக்கு ஒரு 9200எல் கேட்டு விலைமனு கொடுத்திருக்கிறேன், யூ.பி.எஸ். பற்றரியும் அதே மனுவில் சேர்ந்திருக்கிறது.